அப்பாவின் இருபத்துநாலு நிமிஷம்

தன் குரலை முதன்முதலாக பேக்கரியில் வைத்துக் கேட்டபோது அருள்பாண்டிக்கு அது தன் குரல் என்றே தெரியவில்லை. யாரோ ஓர் ஆள், கொஞ்சம் களைத்துப்போன ஆள், உசிலம்பட்டிப் பக்கத்து இழுவையோடு அருகில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

"சாமி, இது அப்பாவோட ஒரு மணி பத்து நிமிஷம்."

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தேங்காய் பன்னை நோக்கி நீட்டிய கையை மகள் தன்ஷிகா மெதுவாக மடக்கிக்கொண்டிருந்தாள். குரல் அவள் மணிக்கட்டிலிருந்து வந்திருந்தது.

"வேணாம்ப்பா. பசிக்கல."

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஆளுக்கொரு தேங்காய் பன் தின்பது அவளுடைய நாலு வயதிலிருந்து உள்ள வழக்கம். இப்போது அவளுக்கு ஒன்பது. அவன் வற்புறுத்திப் பார்த்தான். அவள் பன்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லாவில் இருந்தவர் சிரித்தார்.

"உங்க பாப்பா மட்டுமில்லீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒண்ணும் வாங்க மாட்டேங்குது. கையை நீட்டுது, காதக் குடுத்துக் கேக்குது, போயிருது. இப்படியே போனா நான் பன்னை நாய்க்குத்தான் போடணுமுங்க."

ஒரு பன்னுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலா என்று அருள்பாண்டிக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவன் எட்டாவதோடு நின்றவன். பள்ளிக்கூடத்துக் கணக்கு, வாடகை, பஸ், அது இது என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் சொல்லும்போல என்று விட்டுவிட்டான். அப்படி விட்டதுதான் தப்பு.

அவள் மணிக்கட்டில் இருந்த காப்பை ஜூன் மாதம் பள்ளியில் கொடுத்தார்கள். காலக்காப்பு என்று பெயர். சாம்பல் நிற ரப்பர் பட்டை, நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கண். எந்தப் பொருளை நோக்கி நீட்டினாலும் அதன் விலையைப் படித்துக்கொள்ளும், வாங்கினார்களா விட்டார்களா என்றும் எழுதிக்கொள்ளும். அதை ரூபாயில் சொல்லாது. அந்தப் பணத்தைச் சம்பாதிக்க அப்பா எவ்வளவு நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லும். காசின் அருமையைப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே உணர வேண்டும், அதற்கு இப்படி ஒரு பாடம். வாரத்துக்கு இரண்டு பீரியட், வருடத்துக்கு ஐம்பது மதிப்பெண். பள்ளிக் கதவும் அந்தக் காப்பைக் காட்டினால்தான் திறக்கும். செலவெல்லாம் பின்னல் வளர்ச்சிக் குழுமம் என்ற முதலாளிகள் அமைப்பு ஏற்றுக்கொண்டது. பனியன் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற அந்த ஊரில், தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கிற எல்லாப் பள்ளிக்கும் இலவசம்.

பெற்றோர் கூட்டத்தன்று அருள்பாண்டியை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். மழை, மாடு, பஸ் ஸ்டாண்டு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்கள். மகளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். சாமி என்றுதான் என்றான். அதை மட்டும் நாலு விதமாகச் சொல்லவைத்தார்கள். கொஞ்சலாக, சாதாரணமாக, களைப்பாக, வருத்தமாக. வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவன் சொல்லாததையெல்லாம் அவன் குரல் சொல்ல ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்வதென்றால், முதல் இரண்டு மாதம் அவனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. கலர் பென்சில் கேட்கவில்லை. ஜெல் பேனா கேட்கவில்லை. கடைவீதியில் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிள்ளை நச்சரிக்காத வீடு எப்படி இருக்கும் என்று அவனும் மனைவி ஈஸ்வரியும் அப்போதுதான் பார்த்தார்கள். பள்ளிச் சுவரில் பெரிய திரை ஒன்று வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் வேண்டாமென்று விட்ட பொருள்களின் நேரத்தைக் கூட்டி, 'சேமித்த நேரம்' என்று போட்டார்கள். தன்ஷிகா முதலிடம். ஈஸ்வரி அதைப் படம் பிடித்து, தான் டெய்லருக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போகிற கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினாள். அருள்பாண்டியும் பனியன் தைக்கிற தன் பேட்லாக் மிஷினுக்குப் பக்கத்து மிஷின்காரனிடம் காட்டினான். துணி வெட்ட இயந்திரக் கை வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. தைக்க மட்டும் மனிதன்தான் இன்னும் மலிவு. அதனால் அவனுக்கு வேலை இருந்தது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைவரை, அந்த ஊர்ப் பேச்சில் ஒன்றரை ஷிஃப்ட்.

அக்டோபரில் ஒரு மழை நாள், பதினோரு மணி டீக்கு முன்னால் பள்ளியிலிருந்து போன் வந்தது. தன்ஷிகா பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள், உதடு நீலம் பாரித்திருக்கிறது, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். சூப்பர்வைசர், கையில் ஓடுகிற துணி லாட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான். அருள்பாண்டி மிஷினை அணைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அவளுக்கு மூன்று வயதிலிருந்தே இளைப்பு உண்டு. பஞ்சுத் தூசி பறக்கிற ஊர், அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் பாதிப் பிள்ளைகளுக்கு அது இருந்தது. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று பஃப் என்கிற ஊதா நிற இன்ஹேலர் ஒன்றைத் தினம் வாயில் வைத்து இழுத்தால் போதும், ஓடலாம், ஆடலாம். ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடவில்லை என்றுதான் ஈஸ்வரி நினைத்திருந்தாள்.

குழந்தைகள் வார்டில் முகமூடி வழியே மருந்துப் புகை ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா, பள்ளிப் பையிலிருந்து எடுத்த பஃப்பைத் திருப்பி அவனிடம் காட்டினார்.

"இது எப்ப வாங்கினது?"

"போன மாசம் கடைசிலம்மா."

"பின்னாடி சின்னதா ஒரு எண் இருக்கு பாருங்க. எத்தனை பாக்கி இருக்குன்னு காட்டும். நூத்தி இருபது இருக்கும் மொத்தம். இன்னிக்கு காலியாகியிருக்கணும். நூத்திப் பன்னெண்டு நிக்குது. பிள்ளைக்கு யாரு மருந்து குடுக்கிறது?"

அவளேதான் எடுத்துக்கொள்வாள் என்றான். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. இன்னும் நாலு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மத்தியானம் முகமூடியைக் கழற்றினார்கள். அவள் காப்பை அவன் ஏற்கெனவே கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டிருந்தான். அவள் முதலில் அந்த வெறும் மணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

"பொய்யா எடுத்தியா சாமி?"

தலையாட்டினாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, பஃப்பை வாயில் வைத்து, அமுக்காமல் மூச்சை மட்டும் இழுத்திருக்கிறாள். கிட்டத்தட்ட நாலு வாரமாக. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று அவனுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அவளாகவே சொன்னாள். நாலாவது பாடத்தில், ஒரு பொருளின் விலையை அது எத்தனை தடவைக்கு வருமோ அத்தனையால் வகுக்கச் சொல்லிக்கொடுத்தார்களாம். சோப்பு, பேஸ்ட்டு, தலைக்கு எண்ணெய். அப்படி வகுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு காப்பும் ஒரு தடவைக்கான நேரத்தையே சொல்லுமாம். வகுப்பிலேயே அவள்தான் வேகம்.

"பஃப் ஒரு அமுக்குக்கு இருபத்துநாலு நிமிஷம்ப்பா. நாளைக்கு நாலு அமுக்கு. ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல வருது. எனக்கு இளைப்பே இல்லாத அன்னிக்கும் எதுக்கு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"இப்ப முந்நூத்தி நாப்பது மணி நேரம் சேத்திருக்கேன்ப்பா. நாளைக்குப் பன்னெண்டு மணின்னா இருபத்தெட்டு நாளு, நாலு மணி மிச்சம். லீவ மொத்தமா எப்பக் குடுப்பாங்க? தீவாளிக்கா?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவள் காசை மிச்சம் பிடிக்கவில்லை. அவனை மிச்சம் பிடித்திருக்கிறாள். உங்கள் அப்பாவின் முந்நூறு மணி நேரத்தைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று மேடையில் சொல்லிக் கை தட்டியிருக்கிறார்கள். காப்பாற்றிய நேரம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, ஒரு நாள் அதைக் கொடுத்து அப்பாவை வீட்டில் உட்காரவைப்பார்கள் என்று பிள்ளை நம்பியிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை வேறு எப்படி நினைக்கும்?

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனான். காப்புப் பாடத்துக்கு ஒருங்கிணைப்பாளர் என்று தனி அறையில் ஒரு பெண் இருந்தாள். பெயர் சம்யுக்தா, கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயதுக்குள். அவள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தன்ஷிகாவுக்கு எப்படி இருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். அதனால் கத்துவதற்கென்று போனவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"மருந்துக்குமா மேடம் நேரம் சொல்லும்?"

"காப்பு எதையும் வேண்டாம்னு சொல்லாதுங்க சார். தகவல் மட்டும்தான் சொல்லும். முடிவெடுக்கறது குழந்தைங்க."

"அது என் குரல்ல சொல்லுதே மேடம். தகவலா அது? அப்பன் சொல்றதுன்னுல்ல பிள்ளை நெனைக்கும்?"

"அதனாலதாங்க அந்தக் குரல். வேற குரலை வெச்சுப் பாத்தோம், குழந்தைங்க கண்டுக்கவே இல்லை."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அருள்பாண்டிக்கு அதுதான் தாங்கவில்லை. பையிலிருந்து பஃப் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தான். விலை ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஒன்றரை ஷிஃப்டுக்கு எனக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கிறார்கள், மணிக்கு நூற்று இருபத்தைந்து ஆகிறது, பெட்டி முழுவதுமே பத்து மணி நேர வேலைதான், அப்புறம் ஒரு அமுக்குக்கு எப்படி இருபத்துநாலு நிமிஷம் வரும் என்று கேட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மூன்று நாளாக அவன் போட்ட கணக்கு அது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஒரு மணி நேரம் எவ்வளவு என்று அப்போதுதான் வகுத்துப் பார்த்திருந்தான்.

சம்யுக்தா திரையைத் தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்க வருமானம் வருஷத்துக்குத் தொண்ணூத்தாறாயிரம்னு இருக்குங்க. மணிக்கு இருபத்தஞ்சு ரூபாய் அறுபத்தி நாலு பைசா. உங்க வருமானச் சான்றிதழ்லேருந்து எடுத்ததுதான்."

அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தவன் அருள்பாண்டியேதான்.

அந்த லைன் வீட்டில் இருபத்தியாறு குடும்பம். இருபத்தியாறு குடும்பத்துக்கும் வருமானம் தொண்ணூற்றாறாயிரம்தான். அயர்ன் போடுகிறவனுக்கும் தொண்ணூற்றாறாயிரம், கட்டிங் மாஸ்டருக்கும் தொண்ணூற்றாறாயிரம். ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச இடம் வேண்டுமென்றால் வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு லட்சத்தை யாரோ ஒரு காலத்தில் நிர்ணயித்துவிட்டு மறந்துபோனார்கள். அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, அந்த வரம்பு மட்டும் ஏறவில்லை. ஒரு லட்சத்துக்குள் இந்த ஊரில் ஒரு குடும்பம் உயிரோடு இருக்க முடியாது என்பது சான்றிதழ் கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், வாங்கி வைத்துக்கொள்கிற பள்ளிக்கும் தெரியும். செத்தவன் வருமானத்தைத்தான் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். அதை உண்மை என்று எடுத்துக்கொண்டது ஒரே ஒரு இயந்திரம், அதைக் கேட்டு நம்பியது ஒரே ஒரு பிள்ளை.

"மாத்திக் குடுங்க மேடம்," என்றான் கடைசியில்.

"புதுச் சான்றிதழ் வாங்கிட்டு வந்தீங்கன்னா அன்னிக்கே மாத்திரலாம். ஆனா..." அவள் தயங்கினாள். "உங்க நிஜ வருமானம் நாலரை லட்சத்துக்கு மேல வருதுங்க. இலவச இடம் போயிரும். வருஷத்துக்கு ஒண்ணு அறுபது கட்டணும்."

ஒன்று அறுபது என்றால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். அவன் தலைக்குள் இப்போது எல்லாமே மணியாகத்தான் ஓடியது. ஆயிரத்து இருநூற்று எண்பது மணி நேரம். நூறு நாளுக்கும் மேல்.

எழுந்தவன் வாசலில் நின்று ஒன்று கேட்டான். தன்ஷிகாவின் வகுப்பில் ஒரு கம்பெனி முதலாளி மகன் படிக்கிறான், பூபேஷ் என்று. அவனும் காப்புப் போட்டிருக்கிறான். ஆனால் கேண்டீனில் தினம் நாலு ஐட்டம் வாங்கித் தின்கிறான் என்று மகள் சொல்லியிருந்தாள். அவனுக்கு அது என்ன சொல்லும்?

சம்யுக்தாவின் முகம் முதல் தடவையாக மாறியது.

"அவங்க அப்பா கம்பெனி நஷ்டத்துல ஓடறதா கணக்குக் காட்டியிருக்காங்க. வருமானம் பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்க முடியாதுங்க. அதனால அந்தத் தம்பி காப்பு பேசறதில்லை."

அருள்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டான். அந்த அறையில் அது நல்ல சத்தமாக இல்லை.

காப்பில்லாமல் பள்ளிக் கதவு திறக்காது. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவனே அதைத் திரும்ப அவள் கையில் மாட்டிவிட வேண்டியிருந்தது. மாட்டிவிடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவளுக்கு எல்லா விலையும் மனப்பாடம். தட்டில் வைத்த முட்டையை அம்மா பக்கம் தள்ளுவாள். பஃப்பை ஈஸ்வரி எதிரில் உட்கார்ந்து, எண் குறைகிறதா என்று பார்த்து அமுக்கவைத்தாள். எண் குறைந்தது. மருந்து உள்ளே போகவில்லை. வாயில் அடைத்து வைத்திருந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் போய் ஊதிவிட்டு வந்தாள். கையைப் பிடித்து அமுக்கலாம். மூச்சை அவளுக்காக யார் இழுப்பது? வீணாய்ப்போகிற அந்த இருபத்துநாலு நிமிஷத்துக்காகவும் அவள்தான் அழுதாள்.

உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தான். காப்புக்குக் கொடுத்த கணக்கு தப்பு, நிஜத்தில் ஒரு அமுக்குக்கு அஞ்சே நிமிஷம்தான் என்று சம்பளச் சீட்டைக் காட்டினான். அவள் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அப்ப பள்ளிக்கூடத்துல பொய் சொன்னீங்களாப்பா? இல்ல இப்பச் சொல்றீங்களா?"

"அங்கதான் சாமி."

"இதுவும் நீங்கதான் சொல்றீங்க, அதுவும் நீங்கதான் சொல்றீங்க," என்று மணிக்கட்டைக் காட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காப்புக்குள் இருக்கிற அருள்பாண்டி எல்லா நாளும் ஒரே மாதிரிப் பேசினான். கட்டிலில் உட்கார்ந்திருக்கிற அருள்பாண்டி அப்படி இல்லை. பிள்ளை யாரை நம்புவாள்?

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸ்வரிதான் சொன்னாள், போய் மாத்திட்டு வாங்க என்று. இடம் போனால் போகிறது, கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கிறது. அங்கேயும் அடுத்த வருடம் காப்பு வருகிறதாமே என்றான் அவன். அதற்கு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்குள் பிள்ளை மூச்சு விட வேண்டும்.

சான்றிதழ் அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வருமானத்தைக் குறைக்க வந்திருந்தார்கள். கூட்ட வந்தவன் அவன் ஒருவன்தான். எழுத்தர் விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரமா? தம்பி, பொண்ணு பாக்கறீங்களா?"

கல்யாணமாகி மகள் இருக்கிறாள் என்றான். அப்படியென்றால் தலையில் ஏதாவது அடிபட்டதா என்று கேட்டார். முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு மனுவைப் பார்த்ததில்லையாம். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் பொய்க்குப் பதினைந்து நாள் அலையவிடுகிற அலுவலகம், உண்மைக்கு எந்தத் தடையும் சொல்லாமல் நாலே நாளில் முத்திரை குத்திக் கொடுத்தது. அதில் யாருக்கும் ஒன்றும் நஷ்டம் இல்லையே.

சான்றிதழ் கைக்கு வந்த அதே நாள், மத்தியான டீ நேரத்தில், கம்பெனி வாசலில் சங்கக் கூட்டம் இருந்தது. நாலு வருடத்துக்கு ஒரு முறை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து, ஊர் முழுவதற்கும் ஒரே சம்பள ஒப்பந்தம் போடுவது அங்கே நெடுநாள் நடைமுறை. இந்தத் தடவை முப்பது சதவீதம் கேட்டிருந்தார்கள். முதலாளிகள் தரப்பிலிருந்து பதில் வந்திருக்கிறது என்று இம்மானுவேல் என்ற சங்கத்துக்காரர் ஒரு மர ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசித்தார்.

ஆளாளுக்கு டீயை ஊதிக்கொண்டு கேட்டார்கள். சம்பள உயர்வு தேவையில்லை என்று கடிதம் சொன்னது. விலைவாசி ஏறியிருந்தாலும் தொழிலாளர் குடும்பங்களின் தேவை குறைந்திருக்கிறது, அதற்குத் துல்லியமான ஆதாரம் இருக்கிறது என்றது. குழுமம் நடத்தும் கல்வித் திட்டத்தில் பதினெட்டாயிரம் குடும்பங்கள் ஜூன் முதல் சேமித்த நேரம் இவ்வளவு என்று ஒரு நீளமான எண்ணைக் கொடுத்திருந்தது. அந்த நேரத்துக்குரிய சம்பளம் அவர்களுக்கு உபரியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னது.

"தின்பண்டத்துல முப்பத்தொரு சதவீதம் குறைவாம்," என்று வாசித்தார் இம்மானுவேல். "துணிமணில இருபது. எழுதுபொருள்ல இருபத்தாறு. மருத்துவச் செலவு பதினோரு சதவீதம் குறைவு. தொழிலாளர் குடும்பங்களின் ஆரோக்கியம் மேம்பட்டிருப்பதையே இது காட்டுதுன்னு எழுதியிருக்கான்."

யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் காப்பு விஷயம் என்பது நிறையப் பேருக்கு உடனே பிடிபடவில்லை.

அருள்பாண்டிக்குப் பிடிபட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், அதனால் ஸ்டூலில் ஏறவில்லை, கீழே நின்றே சொன்னான்.

"அண்ணே, அந்தப் பதினோரு சதவீதத்துல எம் பொண்ணு இருக்கா. மருந்த இழுக்காம உதடு நீலமாகி விழுந்தா. அதைத்தான் ஆரோக்கியம்னு எழுதியிருக்காங்க."

இம்மானுவேல் காகிதத்தை மடித்தார். கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு கைமடிக்கிற பெண், தன் மகன் மூக்குக்கண்ணாடி உடைந்ததை மூன்று மாதமாகச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான் என்றாள். இன்னொருவன், பல்வலி என்றான். இன்னொருத்தி, வயசுக்கு வந்த மகள் என்று ஆரம்பித்து, ஆம்பளைகள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

அன்றைக்கு அரை ஷிஃப்ட் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்தான். தன்ஷிகா கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்தே அவள் நெஞ்சு விசில் அடிப்பது கேட்டது. அவன் கை கால்கூடக் கழுவாமல் எதிரில் உட்கார்ந்தான்.

"சாமி, அந்த முந்நூத்தி நாப்பது மணி நேரம் எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். லீவு என்று நினைத்துவிட்டாள், முகம் அப்படி விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னான். பிள்ளைக்கு ஏற்றாற்போல் பூசிமெழுகிச் சொல்லவில்லை. சம்பளம் கூட்டிக் கேட்டோம், உங்கள் பிள்ளைகள் நிறைய மிச்சம் பிடித்துவிட்டார்கள், அதனால் கூட்ட வேண்டியதில்லை என்று முதலாளிகள் எழுதிவிட்டார்கள். நீ பன் தின்னாதது, கலர் பென்சில் வாங்காதது, எல்லாம் சேர்ந்து அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட எனக்கு வரவில்லை, வராது.

"நான் அவங்களுக்குக் குடுக்கலையே."

"நீ குடுக்கல. எடுத்துக்கிட்டாங்க."

"பஃப் எடுக்காததையுமா?"

"அதையும்தான்."

அவள் அழுவாள் என்று ஈஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் அழவில்லை. மூக்கு விடைத்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். கணக்குப் போடும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்த பஃப்பை எடுத்தாள். குலுக்கினாள். யாரும் சொல்லாமலே காப்பின் கண்ணுக்கு நேராக அதைப் பிடித்தாள்.

"சாமி, இது அப்பாவோட இருபத்துநாலு நிமிஷம்," என்றது குரல்.

அமுக்கினாள். நெஞ்சு மேலே ஏறுவது சட்டைக்கு வெளியே தெரிகிற அளவுக்கு இழுத்தாள். விரல் விட்டுப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி காட்டினாள். இந்தத் தடவை களைப்பான 'சாமி' வந்தது. அதையும் முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டாவதை இழுத்தாள்.

"எழுதிக்கட்டும்," என்றாள் மூச்சை விட்டதும்.

அருள்பாண்டி சட்டைப் பையிலிருந்து புதுச் சான்றிதழை எடுத்தான். நாளைக்கு இதைப் பள்ளியில் கொடுத்தால் காப்பு சரியான கணக்கைச் சொல்லும், ஆனால் பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்கும் என்று விளக்கினான். அவள் வாங்கி, எண்ணைத் தடவிப் பார்த்தாள்.

"இதைக் குடுத்தா ஒரு அமுக்குக்கு எவ்வளவு எழுதும்?"

"அஞ்சு நிமிஷம்."

"குடுக்கலைன்னா?"

"அதான் இப்பச் சொல்லுச்சே. இருபத்துநாலு."

"நாங்க என்ன வாங்கினாலும் அஞ்சு மடங்கா எழுதும். அப்புறம் மிச்சம்னு அவங்க எதைக் காட்டுவாங்க?" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஈஸ்வரிக்கு அவனுக்கு முன்பே புரிந்துவிட்டது. கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

தன்ஷிகா சான்றிதழை அவன் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, அவன் பைக்குள் திரும்பச் செருகினாள்.

"குடுக்காதீங்கப்பா. தப்பாவே இருக்கட்டும்."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த சந்துக்குள் இறங்கிப் போனாள். அந்த லைனில் காப்பு போட்ட பிள்ளைகள் பதினேழு பேர் இருந்தார்கள்.